எழுபத்தோராம் நாள் வெயில்

உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த பெண், வந்த இரண்டாம் நாளே கீழே என் ஸ்கூட்டர் நிற்கும் கொட்டகையையும் கேட்டாள். ஒரு மெஷின் வைக்க வேண்டுமாம். தையல் மெஷின் என்று நினைத்துச் சரி என்றேன். ஏழு ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு கனத்த உருளைகள், நடுவே ஓர் இரும்புப் பலகை, பக்கவாட்டில் ஆறு கைப்பிடி வைத்த பெரிய சக்கரம்.

என் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "கரும்பு ஜூஸ் கடை போடப் போறியாம்மா?"

"இல்லம்மா, படம் அச்சடிக்கிற மெஷினு."

"படம்னா? கல்யாணப் பத்திரிகையா?"

"அந்த மாதிரிதான். ஆனா யாருக்கும் கல்யாணம் இல்ல."

எனக்குத் தரையைப் பற்றிக் கவலை. அந்தக் கொட்டகைத் தரையில் ஏற்கெனவே ஒரு விரிசல் உண்டு. ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். நாற்பத்தொரு சென்டிமீட்டர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அளந்து நோட்டில் எழுதினேன். எட்டு வாரம் கழித்தும் நாற்பத்தொன்றுதான். விரிசல் கொஞ்சம் வளர்ந்திருந்தால் அவளிடம் பேச ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

எண்ணுவதும் அளப்பதும் எனக்குத் தொழிலாக இருந்தவை. தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தேன். அங்கே ஒரு பாய்லர். மணிக்கு ஒரு முறை அதன் அழுத்தத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், ஒரு ஷிப்டுக்கு எட்டு முறை. பெரும்பாலான ஆட்கள் ஷிப்டு முடிவில் டீ குடித்துக்கொண்டே எட்டையும் ஒரே மூச்சில் எழுதுவார்கள். நான் பதிவேட்டைப் பிரித்த உடனே கண்டுபிடித்துவிடுவேன். உண்மையாகப் பார்த்து எழுதிய எண்கள் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், ஏறும், இறங்கும், ஒன்றில் எண்ணெய்க் கறை இருக்கும். உட்கார்ந்து எழுதிய எண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். அப்படி எழுதிய பதினேழு பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். "பார்க்காததை எழுதுகிறவன் எதையும் எழுதுவான்" என்று ஒவ்வொரு மெமோவிலும் ஒரு வரி சேர்ப்பேன்.

இதைத் தெரிந்துகொண்டுதான் அந்தப் பெண் பின்னால் என்னிடம் ஓர் உதவி கேட்டு வந்தாள் என்று நினைக்கிறேன். முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் அப்பா இங்கே பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, இப்போது அச்சுப்படம் போடுவதே முழு வேலை.

அவள் செய்தது இதுதான். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒரு பழைய குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். தலைப்பகுதி வளைந்து கொக்கு மாதிரி இருக்கும். தினமும் காலை சரியாகப் பத்து மணிக்கு அதன் நிழல் விழும் இடத்தில் ஒரு தாளை வைத்து, நிழலைச் சுற்றிப் பென்சிலால் வரைவாள். பிறகு அதை லினோ என்ற ரப்பர் போன்ற பலகையில் செதுக்கி, மை தடவி, அந்தக் கரும்பு மெஷினில் கொடுத்து ஓர் அச்சு எடுப்பாள். நாளுக்கு ஒன்று. இப்படி நூறு நாள். பொங்கல் முடிந்து தொடங்கினாள்.

"செல்போன்ல ஒரு போட்டோ எடுத்தா ஆச்சே" என்றேன்.

"போட்டோ ஒரு நொடியில எடுத்துடும் சார். அப்புறம் நான் எதுக்கு?"

வெயில் இல்லாத நாளிலும் அச்சு உண்டு. மை தடவாமல் வெறும் பலகையை வைத்துச் சக்கரத்தைச் சுற்றுவாள். வெள்ளைத் தாளில் பலகையின் ஓரம் மட்டும் அழுந்தி, ஒரு சதுரப் பள்ளம் தெரியும். அவ்வளவுதான். தை மாதத்தில் நான்கு நாள் மேகம். நான்கு வெள்ளைத் தாள்.

ஐம்பத்தேழாம் நாள், வடக்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்த அவளுக்கு அழைப்பு வந்தது. இருபத்தாறு நாள். நிழலை யார் வரைவது? என்னிடம் கேட்டாள்.

"எனக்குப் படம் வராதும்மா."

"படம் வேணாம் சார். பார்த்தா போதும். பார்த்ததை அப்படியே வரையணும். நான் வந்து செதுக்கிக்கிறேன். இந்த நூறுல ஒண்ணு கூட மனசுல இருந்து வரக் கூடாது. அதுதான் இதுல விஷயமே. வேற யார் மேலயும் எனக்கு நம்பிக்கை இல்ல."

எனக்கு எழுபத்து நான்கு வயது. இந்த வயதில் என்னிடம் வந்து ஒருவர் இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன்? அன்றே என் கைக்கடிகாரத்தை வானொலியோடு ஒத்துப் பார்த்து எட்டு நொடி தள்ளி வைத்தேன்.

வேலை எளிதில்லை. தினமும் நிழலின் நுனி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்தது. ஆனால் அதே நிழல் ஒரு நிமிடத்திலும் ஏறக்குறைய அவ்வளவே நகர்கிறது. அதாவது ஒரு நிமிடம் தாமதித்தால் ஒரு நாள் தப்பாகிவிடும். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பென்சிலை நிழலின் ஓரத்தில் வைத்து, வளைவெல்லாம் சுற்றி, தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தால், தொடங்கிய இடம் அங்கே இருக்காது. அதற்குள் நிழல் கொஞ்சம் போயிருக்கும். கோடு கோட்டோடு சேராது. ஓர் எறும்பு நுழையும் அளவு இடைவெளி. முதல் நாள் என் கை நடுக்கம் என்று நினைத்து வருந்தினேன். இரண்டாம் நாள் வேகமாக வரைந்தேன். மூன்றாம் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். சேரவே இல்லை. அந்தப் பெண் வரைந்த பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். அவளுக்கும் சேரவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன்.

பதின்மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. எழுபதாம் நாள் வரை பத்து மணி என்றால் பத்து மணி.

எழுபத்தோராம் நாள் காலையில் கண் பரிசோதனைக்காகக் கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எட்டரைக்குள் முடித்துத் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. எனக்கு முன்னால் நாற்பத்தொரு பேர். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடி உட்காரச் சொன்னார்கள். மீண்டும் விட்டார்கள். மீண்டும் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தால் முள் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் மணி கேட்டேன்.

"பத்தேகாலு, பெரியவரே."

எழுந்து நின்றேன். இன்னொரு சொட்டு பாக்கி என்று மறுபடி உட்காரவைத்தார்கள்.

ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேரும்போது பன்னிரண்டரை. சொட்டு மருந்தால் பாவை விரிந்து, ஊரே வெல்டிங் கடை மாதிரி ஜொலித்தது. இப்படி ஒரு வெயிலை நான் கண்டதே இல்லை. மனைவி ஏதோ சொன்னாள். நான் கண்ணு, கண்ணு என்று புலம்பிக்கொண்டே போய்ப் படுத்துவிட்டேன்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். தாளைக் காலியாக விட்டால், அன்று மேகம் என்று ஆகும். அது பொய். விட்டுப்போனது என்று எழுதினால், நூறு தொண்ணூற்றொன்பது ஆகும். அந்தப் பெண்ணின் மூன்று மாத உழைப்பு என்னால் கெடும். ஆனால் எழுபதாம் நாள் நிழல் என்னிடம் இருக்கிறது. எழுபத்திரண்டாம் நாள் நிழல் நாளை கிடைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் சரிபாதி எடுத்தால் அதுதானே எழுபத்தொன்று? சூரியன் தாறுமாறாக ஓடாது. இது பொய்யில்லை, கணக்கு.

மறுநாள் பத்து மணிக்கு ஒழுங்காக வரைந்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஸ்கேலும் காம்பஸும் வைத்து எழுபத்தோராம் நாளைத் தயாரித்தேன். நாற்பது நிமிடம் ஆனது. மற்ற எந்த நாளுக்கும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை.

அவள் திரும்பி வந்து, இருபத்தாறையும் செதுக்கி அச்செடுத்து, மீதி நாட்களையும் முடித்தாள். பிறகு பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு காலி கிடங்கை வாடகைக்கு எடுத்து, நூறு தாள்களையும் கூரையிலிருந்து நூலில் தொங்கவிட்டாள். சுவரில் ஒன்றும் கிடையாது. தாள்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஒரு பாதை. நடந்தால் கொக்கு நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பும். நூறு நாளை நான்கு நிமிடத்தில் நடந்துவிடலாம். இதற்கு இன்ஸ்டலேஷன் என்று பெயராம். "கொடியில துணி காயப்போட்டிருக்கிற மாதிரி கீது" என்றார் எங்கள் பக்கத்து வீட்டு சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஆனால் அவரே மூன்று முறை நடந்தார்.

வாசலில் ஓர் அட்டை. 'நூறு நாள். நூறு முறை பார்த்தது. எழுபத்து நான்கு நாள் நான். இருபத்தாறு நாள் என் வீட்டு உரிமையாளர்.' முதல் நாள் கூட்டத்தில் அவள் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் நிறுத்தி, "சார் பார்த்தா பார்த்ததுதான்" என்றாள். அறுபத்து மூன்று பேர் கை தட்டினார்கள்.

நான் எழுபத்தோராம் தாளுக்குப் போனேன். தொண்ணூற்றைந்து நிழல்களிலும் கோடு சேராமல் அந்தச் சிறு இடைவெளி அப்படியே அச்சாகியிருந்தது. இது ஒன்றில் மட்டும் தையல் தெரியாமல் கோடு சேர்ந்து, மழமழவென்று இருந்தது. நான் மெமோ கொடுத்த பதினேழு பேரும் ஒன்றாகச் சேர்ந்து எழுதியது போல் இருந்தது.

அதை யாரும் பார்க்காமல் இருக்க, முன்னால் நின்றுகொண்டேன். இது தவறான யோசனை. மற்ற தாள்களுக்கு முன்னால் ஒருவர் சராசரி மூன்று நொடி நின்றார். என் முன்னால் நாற்பது நொடி. ஒரு பெரியவர் காவல் காக்கிறார் என்றால் அது முக்கியமான தாள் என்று நினைத்துவிட்டார்கள். கொஞ்சம் நகருங்க ஐயா என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் அதற்கு முன்னால் மட்டும் வரிசை நின்றது.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். வேறு ஊரில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர். அவர் சரி என்றால் நூறு தாளும் அங்கே போகும். அந்தப் பெண் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு வந்து, என் முன்னால் நின்றார்.

"எல்லாத்துலயும் இதுதான் அழகு. கோடு எவ்வளவு சுத்தம் பாருங்க" என்றார்.

"அது எங்க ஹவுஸ் ஓனர் சார் வரைஞ்சது" என்றாள் அந்தப் பெண், முகமெல்லாம் சிரிப்பாக.

அவர்கள் அடுத்த தாளுக்கு நகர்ந்த நேரத்தில்தான் சொல்தாவின் காரில் என் மனைவி வந்து சேர்ந்தாள். அவளுக்குப் படம் தேவையில்லை. தாளுக்குக் கீழே பென்சிலில் எழுதியிருக்கும் தேதியையும் கிழமையையும் பார்த்து, எங்கள் வீட்டு நடப்பைப் படித்துக்கொண்டே வந்தாள். "இது சம்பந்தி ஊட்டுக்குப் போன அன்னிக்கு. இது மிக்சி ரிப்பேராப் பூட்ட அன்னிக்கு." எழுபத்தொன்றில் நின்றாள்.

"இது காஸ் வந்த அன்னிக்கு இல்ல? நீங்க கண்ணாஸ்பத்திரி போனீங்களே."

"சரி, அடுத்தது பாரு."

"இன்னா அடுத்தது? அன்னிக்கு ஏதுங்க வெயிலு? பங்குனியில இப்படி ஒரு மழையான்னு நானும் காஸ்காரனும் வாசப்படியில நின்னு பேசிகினு இருந்தோம். கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சே!"

"மெதுவா பேசு."

"நீங்க வந்ததுமே சொன்னேனே. நீங்க கண்ணு கண்ணுன்னு கத்திகினு இருந்தீங்க."

சொல்தா வேறு பிரெஞ்சில் ஆமாம் போட்டுச் சேர்ந்துகொண்டார். "உய், உய். பீச் ரோட்ல நான் தொப்பலா நனைஞ்சேன், முசே. பத்து மணிக்கு நல்ல மழை."

கதிர்காமத்தில் ஒரு சொட்டு இல்லை. உப்பளத்தில் பத்து மணிக்கு மழை. நான் சரிபாதிக் கணக்குப் போட்டு வரைந்தது, அன்று இல்லவே இல்லாத ஒரு நிழலை. என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. உங்க மூஞ்சியே எல்லாத்தையும் சொல்லிகினு கீது."

அந்த அம்மாள் தண்ணீர் குடிக்கப் போனபோது, அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி, சொட்டு மருந்து, காம்பஸ், சரிபாதி எல்லாம்.

"எத்தினி நாள் சார் இந்த மாதிரி?"

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

"பார்க்கலன்னு எழுதியிருக்கலாமே சார். மழைக்குக் கூட நான் ஒரு தாள் வெச்சிருக்கேன். விட்டுப்போச்சுன்னா அதுக்கும் ஒண்ணு வெச்சிருப்பேன். உங்களை யாரு சார் வெயில் போடச் சொன்னாங்க?"

பதினேழு பேரும் என் முன்னால் நின்றபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போது புரிந்தது.

அவள் நேரே அந்த அம்மாளிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன். மறைத்துவிடுவாளோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன், மறைத்துவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். "மேடம், நீங்க அழகுன்னு சொன்னது பொய்" என்று ஆரம்பித்தாள்.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுபத்தொன்றை மறுபடி பார்த்தார். "அப்ப மீதி தொண்ணூத்தொம்பது உண்மைன்னு நான் எப்படி நம்பறது?"

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத்தான் இதற்குப் பதில் தெரியும்.

"கோடு சேருதான்னு பாருங்கம்மா" என்றேன். "நெஜமா பார்த்து வரைஞ்சா சேராது. நிழல் நிக்காது. சேர்ந்திருந்தா உட்கார்ந்து எழுதினது."

முதல் தாளிலிருந்து மூன்று பேரும் நடந்தோம். நான் ஒவ்வொன்றிலும் இடைவெளியைத் தொட்டுக் காட்டினேன். வெள்ளைத் தாள் நான்கு. இடைவெளி உள்ளவை தொண்ணூற்றைந்து. இந்த முறை நாற்பத்தெட்டு நிமிடம் ஆனது. எழுபத்திரண்டில் சற்றுப் பெரிய இடைவெளி. அன்று எதை நினைத்துக்கொண்டு வரைந்தேன் என்பதை அவர் கேட்கவில்லை.

"எடுத்துக்கறேன்" என்றார் கடைசியில். "ஆனா அந்த ஒண்ணை என்ன பண்ணப் போறீங்கன்னு நாளைக்குச் சொல்லுங்க."

மறுநாள் காலை அந்தப் பெண் கீழே வந்தாள். என்னைக் கடந்து, சமையலறைக்குள் போனாள்.

"அம்மா, அன்னிக்கு மழை எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா?"

"பார்த்ததைச் சொல்லுங்க."

மனைவி கைக் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். "மொதல்ல ரெண்டு பெரிய சொட்டு. சிலிண்டர் மேல டங்குன்னு விழுந்துச்சு. அப்புறம் ஒரே கொட்டு. காஸ்காரன் போனப்புறமும் நான் வாசப்படியிலயே உட்கார்ந்துகினு இருந்தேன். உலையில அரிசி போடல. இவரும் இல்ல. மணி பார்க்கறதுக்கு ஆளே இல்ல. ரொம்ப நல்லா இருந்துச்சு."

இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

கொட்டகையில் மை தடவாத பலகையை வைத்து, கம்பளியைப் போர்த்தி, சக்கரத்தை மனைவியையே சுற்றச் சொன்னாள். எனக்கு எந்த வேலையும் தரவில்லை. வெள்ளைத் தாள் வெளியே வந்தது. எழுபத்தொன்றின் இடத்தில் அதைத் தொங்கவிட்டார்கள். என் தாளை அந்தப் பெண் கிழிக்கவில்லை. வாசல் அட்டைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, கீழே 'பார்க்காமல் வரைந்தது' என்று எழுதினாள். அட்டையிலும் திருத்தினாள். எழுபத்து நான்கு நாள் நான், இருபத்தைந்து நாள் என் வீட்டு உரிமையாளர், ஒரு நாள் அவர் மனைவி. மொத்தம் நூறு. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

தாள்கள் அந்தப் பெரிய கண்காட்சிக்குப் போயின. ஆடியில் அவள் அடுத்த நூறைத் தொடங்கினாள். பன்னிரண்டாம் நாள் அந்தக் கண்காட்சியைப் பார்க்கப் புறப்பட்டாள். ஒன்பது நாள் வரமாட்டாள். பென்சிலோடு கீழே வந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். பென்சிலை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, என்னிடம், "சார், காத்து அடிக்கும். தாள் பறக்காம நீங்க மூலையைப் பிடிச்சுக்கோங்க" என்றாள்.

முதல் நாள் ஒன்பது ஐம்பதுக்கே மேலே போய், தாளை விரித்து, இரண்டு மூலையில் கல்லும் இரண்டு மூலையில் கையும் வைத்துக் குந்தியிருந்தேன். பத்து ஆனது. கீழே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. "மணியாச்சு!" என்று கத்தினேன்.

"வர்றேன் வர்றேன்! நிழல் எங்கயும் ஓடிப்போவாது!"

நிழல் ஓடிக்கொண்டிருந்தது. என் கண் முன்னால், என் கட்டை விரலுக்குப் பக்கத்தில், நாள் நாளாக. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே முப்பத்தெட்டு படியும் ஏறி வந்தபோது பத்து ஏழு. ஏழு நிமிடம் என்றால் ஏறக்குறைய ஒரு வாரம்.

"பத்துன்னு போட்டுடு" என்று என் வாயில் வந்துவிட்டது. நானே பயந்துபோனேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நிழலைச் சுற்றி வரைந்தாள். கோடு அரை விரல் அகலத்துக்குச் சேரவில்லை. கீழே பெரிய எழுத்தில் எழுதினாள்: 'மணி 10.07. பருப்பு வேகல.'

"இப்ப கையை எடுங்க" என்றாள்.